சில இடங்களில்

மாசி பிறந்து ஒன்பதாம் நாள்.
வானொலியில் சொன்னார்கள்:
கிழக்கில் சில இடங்களில்
சிறிதளவு மழை பெய்யக்கூடும்.
எந்த இடம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

என் வேலை சின்ன வேலை.
வெல்லாவெளிக் கந்தோர் வளவில்
முள்ளுக்கம்பிக்குள் நிற்கிறது மழைமானி.
காலை எட்டரைக்குப் புனலைக் கழற்றி,
உள்ளதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி,
குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி,
இலக்கத்தைக் கொப்பியில் எழுதி,
மட்டக்களப்புக்கு ஒரு கோல் எடுப்பேன்.
மழை இல்லாத நாளும் எடுக்க வேண்டும்.
பூச்சியத்துக்கும் சம்பளம் உண்டு.

திங்கள், பனி மட்டும்
புனல் விளிம்பில் ஊறிக் கிடந்தது, கணக்கில் வராமல்.
செவ்வாய் விடியப்புறம் வாடை திரும்பி வந்தது,
போய்வாறன் என்று படியிறங்கி
குடையை மறந்த விருந்தாளி மாதிரி.
மூன்று தசம் இரண்டு.
அன்று பின்னேரமே வெயில் எரித்து
எருமைகள் வாய்க்காலுக்குள் கழுத்தளவு படுத்தன.

வட்டையெல்லாம் வெள்ளாமை தலைசாய்த்து நின்றது.
சம்மாந்துறையிலிருந்து மெசின் கொண்டுவந்த ஜௌபர்
வரம்பில் குந்தி போனைத் தடவிக்கொண்டிருந்தான்.
"படத்தில முகில் இருக்கு அக்கா,
மேல பாத்தா இல்ல.
எதை நம்புற?"
ஈரத்தில் இறக்கினால் சங்கிலி புதையும்.
இறக்காவிட்டால் நாளைக்கு அவன்
வேறொருவர் வட்டையில் நிற்பான்.

வியாழன் பூபாலபிள்ளை துணிந்தார்.
மூன்று ஏக்கரும் வெட்டி,
றோட்டில் ஒருபக்கம் நீளத்துக்கு நெல்லைப் பரப்பினார்.
பஸ்காரன் கோணடித்தான், விலகிப் போனான்.
இரண்டு மணி. மூன்று மணி.
பிறகு தெற்கே, பாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டும்,
ஒரு கறுப்புச் சீலை இறங்கியது.

நான் கந்தோர் வாசலில்
வெயிலில் நின்று மழையைப் பார்த்தேன்.
ஒரு கட்டை தூரம் வராது.
படங்கை இழுத்துக்கொண்டு மனிசர் ஓடுவது தெரிந்தது,
சத்தம் கேட்கவில்லை.
என் தலையில் ஒரு துளி விழவில்லை.

வெள்ளி எட்டரை.
குவளை காய்ந்து கிடந்தது.
எழுதினேன்: பூச்சியம் தசம் பூச்சியம்.
எழும்பினேன், மறுபடி குனிந்து பார்த்தேன்.

சனிக்கிழமை அவர் வந்தார், கையில் ஒரு சோடாப் போத்தல்.
நட்டஈட்டுக்கு விண்ணப்பம் போட்டால்
அன்றைக்கு எவ்வளவு பெய்ததென்று கேட்பார்களாம்.
"முன்னால ஒரு நாலு போட்டாக் காணும் மகள்.
பூச்சியம் நாற்பதாகும்.
பொய்த்தண்ணி இல்ல இது,
என்ட நெல்லுக்கு மேல நிண்ட தண்ணி.
வடிச்சுக் கொண்டுவந்தன்."

போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
அடியில் கொஞ்சம் சப்பி, கொஞ்சம் றோட்டு மண்,
முனை வெடித்து வெள்ளை தெரியும் இரண்டு நெல்மணி.
பொய் இல்லைத்தான்.
மழைதான். இடம்தான் வேறு.

பேனையைத் திறந்தேன், மூடினேன்.
அவர் என் முகத்தைப் பார்க்காமல்
கம்பியில் குந்தியிருந்த மைனாவைப் பார்த்தார்.

கொப்பியின் கடைசி நிரலில் 'குறிப்பு' என்று இருக்கிறது,
பெருவிரல் அகலம்.
ஆறு வருசத்தில் அதற்குள் நான் மை வைத்ததில்லை.
இலக்கத்தைத் தொடாமல் அதில் எழுதினேன்:
வியாழன் மூன்றேகாலுக்குப் பாலத்துக்குத் தெற்கே கனமழை.
கண்ணால் கண்டேன். பரப்பிய நெல் நனைந்தது.
கோடு போதவில்லை. எழுத்துச் சரிந்து
சனியின் பெட்டிக்குள்ளும் ஞாயிறின் பெட்டிக்குள்ளும் போனது.

"இது காணுமா?" என்றார்.
தெரியாது என்றேன்.

ஞாயிறு என் தலைக்கு நேரே பெய்தது,
பதினொன்று தசம் நான்கு.
அதை எழுத இடம் தேடி
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

கோல் எடுத்து இலக்கம் சொன்னேன்.
சரி, வைக்கவா என்றது மறுமுனை.
வைக்காதீங்க, ஒரு குறிப்பு இருக்கு என்று
முழுதும் வாசித்தேன், தெற்கே என்பதை இரண்டு தரம்.
பேனை ஓடும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

லைன் இருந்தது.
யாரோ ஒருவருக்கு மேலே
ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.